என் பேரில் நாலு தறி

அந்தப் போட்டோவில் இருப்பவர்களைச் சொல்கிறேன். இடது பக்கத்திலிருந்து.

முதலில் கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர். அவருக்கு அங்கே நிற்க இஷ்டமில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும். அடுத்தவர் எங்கள் ஊர்த் தறி ஓனர்கள் சங்கத் தலைவர். புதுச் சட்டை, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. அவர் பக்கத்தில் என் ஓனர். பதினாறு தறிக்குச் சொந்தக்காரர். கைகட்டி நிற்கிறார். நடுவில் பெரியவர். கட்சியில் பெரிய ஆள், ஐதராபாத்தில் அவர் சொன்னால் நடக்கும். பேர் சொல்லி நாங்கள் கூப்பிட்டதில்லை, பெரியவர் என்போம். அவருக்குப் பின்னால் அவருடைய பி.ஏ., பாதி முகம்தான் விழுந்திருக்கிறது. வலது கோடியில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியவருக்கு எதிரே, அவர் கையிலிருந்து ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு, குனிந்தபடி நான்.

ஏழு பேர். ரப்பர் செருப்பு நான் ஒருவன்தான்.

படம் இப்போது டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறது, துணியில் சுற்றி. அது எப்படிச் சுவருக்கு வந்தது, எப்படிச் சுவரிலிருந்து இறங்கியது என்று எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

ஆந்திரா பார்டரில் இருக்கிற நகரியில் இருபத்திரண்டு வருஷம் விசைத்தறி ஓட்டினேன். எங்கள் ஆட்களுக்கு நிலம் கிடையாது. அப்பா கரும்பு வெட்டினார். வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் அடுப்புக்குச் சக்கை தள்ளினார். நான் தறிக்கு வந்தேன். நிழலில் வேலை, வாராவாரம் கூலி. எங்கள் வீட்டில் அதுவே பெரிய விஷயம்.

ஷெட்டில் பதினாறு தறி. ஆளுக்கு நான்கு. என்னுடைய நான்கும் ஜன்னல் ஓரம். என்னுடையவை என்று சொல்வது பழக்கம். ஓட்டியவன் நான். சொந்தமாக எனக்கு ஒரு நாடாகூடக் கிடையாது.

என் மனைவி அதே ஷெட்டில் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே பாய்கிற நாடாவுக்குள் வைக்கிற நூல் கட்டைக்குத்தான் தார் என்று பேர். அவள் சுற்றி வைப்பாள், நான் எடுத்துப் போடுவேன். தறிச் சத்தத்தில் பேச முடியாது. கையைக் காட்டிக்கொள்வோம். இரண்டு விரல் காட்டினால் டீ. வயிற்றைத் தட்டினால் சாப்பாடு. பத்தொன்பது வருஷம் குடும்பம் அப்படி நடந்தது. ஒரு பெண், ஒரு பையன்.

இடையில் கரண்ட் சமாச்சாரம் வந்தது.

கரண்ட் போர்டைக் கம்பெனி கம்பெனியாகப் பிரித்தார்கள். வெளிநாட்டு பேங்க் கடன் கொடுத்தது, கடனோடு கண்டிஷனும் கொடுத்தது என்று ஓனர் சொல்வார். வருஷாவருஷம் ரேட் ஏறியது. துணி விலை ஏறவில்லை. ஓனர்கள் கூடித் தறியை நிறுத்தினார்கள். அரசாங்கம் இறங்கி வரும்வரை ஓடாது என்றார்கள். இருபத்து மூன்று நாள் ஓடவில்லை.

நிறுத்தினது அவர்கள். அடுப்பு நின்றது எங்களுக்கு. எங்கள் ஷெட்டில் ஒருவன் திருப்பூர் போனான். இன்னொருவன் பார்டர் தாண்டிப் போய் மெட்ராஸ் பக்கம் ஒரு கார் கம்பெனியில் சேர்ந்தான். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. நானும் போயிருக்கலாம். என் மனைவிதான் வேண்டாம் என்றாள். “இங்க நாம ரெண்டு பேரும் ஒரே எடத்துல கீறோம். அங்க போனா நீ ஒரு ஷிப்ட்டு, நான் ஒரு ஷிப்ட்டு” என்றாள்.

இருபத்து நான்காம் நாள் காலையில் ஓனர் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவில்தான் அவர் வீடும். அண்ணா என்று கூப்பிடுவேன்.

“கெளம்புப்பா. திருப்பதி போறோம். பெரியவரு வந்துகீறாரு.”

“நான் எதுக்குண்ணா?”

“ஒரு நெசவாளி வோணுமாம். ஓனருங்களா மட்டும் போய் நின்னா நல்லா இருக்காதுன்னு தலைவரு சொல்றாரு.”

சட்டை மாற்றப் போனேன். “அது வோணாம். இதே இருக்கட்டும்” என்றார்.

திருப்பதியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். உள்ளே பெரியவர். வராந்தாவில் கூட்டம். கரண்ட் சட்டம் மாறப் போகிறது, யாருக்கு என்ன ரேட் என்று எழுதப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அரிசி மில்காரர்கள் ஒரு பக்கம். கல் அறுக்கிற பேக்டரிக்காரர்கள் ஒரு பக்கம். மாம்பழக் கூழ் பேக்டரிக்காரர்கள் ஏ.சி. காரை விட்டே இறங்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்தோடும் என்னைப் போல ஒருவன் இருந்தான். எங்களை மட்டும் தூண் ஓரமாக உட்கார வைத்து, பொங்கல் பொட்டலம் கொடுத்தார்கள்.

பக்கத்தில் இருந்தவன் கேட்டான். “நீ எதுக்குப்பா?”

“தறிக்கு.”

“நான் மில்லுக்கு. மூட்ட தூக்கறவன். இன்னிக்கி மட்டும் மில்லு ஓனரு.” சிரித்தான். “அவரு கல்லு பேக்டரி. வெரலு பூட்சி. அத்தக் காமிக்க இட்டுக்கினு வந்துகீறாங்க.”

கல் பேக்டரிக்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல் இல்லை. “மாங்கா கம்பெனிக்காரங்களுக்கு ஆளே கெடைக்கலியாம். வெறும் பில்லத்தான் எட்தாந்துகீறாங்க.”

“பாவம், ரொம்ப ஏழைங்க” என்றான் மில்காரன்.

மூன்று பேரும் சிரித்தோம். பி.ஏ. எட்டிப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினோம்.

“உள்ள போனா இன்னா சொல்லணும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லாத. கும்புடு போடு. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கோ. வாயத் தொட. நெய்யி கீது பாரு.”

துடைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. தெலுங்கில்தான் பேசினார்கள். எனக்குத் தெலுங்கு புரியும். எல்லாத் தறிக்கும் பாதி ரேட் வேண்டும் என்றார் தலைவர். முடியாது என்றார் பெரியவர். விவசாயியின் போர்வெல்லுக்குக் கரண்ட் சும்மாவே கொடுத்தாகிவிட்டது. எல்லோருக்கும் குறைத்தால் பேங்க்காரன் சும்மா இருக்க மாட்டான். சின்ன நெசவாளிக்கு என்றால் சட்டத்தில் ஓரிடம் வைக்கலாம். யாரும் வாய் திறக்க முடியாது.

சின்ன நெசவாளி என்றால் எத்தனை தறி என்று தலைவர் கேட்டார்.

நீங்களே சொல்லுங்கள் என்றார் பெரியவர்.

தலைவர் எட்டு என்றார். பெரியவர் இரண்டு என்றார். பி.ஏ. குனிந்து, தறித் தெருக்களில் ஓட்டு எவ்வளவு வரும் என்று தலைவர் காதில் கேட்டார். தலைவர் ஏதோ சொன்னார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இங்கே துண்டு இல்லை. மற்றபடி அதேதான். எட்டும் இரண்டும் நகரவில்லை. வெளியில் கல் பேக்டரி காத்துக்கொண்டிருந்தது.

பெரியவருக்கு அலுப்பாகிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

“ஏமய்யா, நீக்கு என்னி மக்காலு?”

உனக்கு எத்தனை தறி என்று கேட்கிறார். நான் ஓனரைப் பார்த்தேன். ஓனர் தரையைப் பார்த்தார். எத்தனை தறி என்று யார் கேட்டாலும் தறிக்காரன் ஒரு பதில்தான் சொல்வான். ஓட்டுகிற தறியைச் சொல்வான். எனக்கு அது பொய்யாகவே படவில்லை.

“நாலுகு, சார்.”

பெரியவர் மேஜையைத் தட்டினார். சரி, நாலு. அப்படியே எழுதிக்கொள் என்று பி.ஏ.விடம் சொன்னார்.

நாலு தறி வரை உள்ளவன் சின்ன நெசவாளி, அவனுக்குப் பாதி ரேட். அந்த நாலு என் வாயிலிருந்து போனது. பிறகு ஐதராபாத்தில் அச்சடித்து வந்தது.

திரும்பி வரும்போது ஜீப்பில் எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள். புத்தூரில் நிறுத்தி எனக்கு மட்டும் இரண்டு முட்டை தோசை.

ஊரில் நாலு தறி வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்களுக்குப் பத்து, இருபது, நாற்பது. அதனால் எல்லோரும் நாலு நாலாகப் பிரித்தார்கள். என் ஓனர் ஷெட்டுக்குள் மூன்று குறுக்குச் சுவர் வைத்தார். முழங்கால் உயரம்தான். அதற்குமேல் வைத்தால் மேஸ்திரி தாண்ட முடியாது. தெருப் பக்கம் நாலு வாசல் வைத்தார். மூன்று வாசலுக்கு உள்ளே நூல் மூட்டை அடுக்கியிருந்தது. வாசலுக்கு ஒரு மீட்டர். முதல் வாசல் ஓனர் பேர். இரண்டாவது அவர் சம்சாரம். அடுத்தது பெங்களூரில் இருக்கிற தம்பி. கடைசி வாசல் என் பேர்.

“நம்ம வூட்டு ஆளுதானே நீ” என்றார் ஓனர்.

கரண்ட் ஆபீசில் “சந்தகம் பெட்டு” என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். லைன்மேன் வந்தார். நாலு வாசலையும் எண்ணினார். டீ குடித்தார். போனார்.

கூலி ஏறவில்லை. தறி ஓடியது, அதுவே போதும் என்று இருந்தோம்.

தார் சுற்றுகிற பெண்கள் என் மனைவியை விடவில்லை. அவள் உட்காருகிற இடம் கடைசி வாசல் பக்கம்.

“மொதலாளியம்மா, எங்களுக்கு எப்ப கூலி ஏத்தப் போற?”

“போனஸ் கேளுடி, இப்பவே கேளு. அப்பால கார்ல பூடுவா.”

அவளும் விடமாட்டாள். “நாளையிலேருந்து நீங்க யாரும் வேலைக்கி வராதீங்கடி. ஊருக்கெல்லாம் ஆள் சொல்லிட்டேன்” என்பாள். கரண்ட் போகிற நேரத்தில்தான் இந்தப் பேச்செல்லாம் கேட்கும்.

ஆர்டர் வந்ததும் பெரியவர் எங்கள் ஊருக்கே வந்தார். மேடை போட்டார்கள். முதல் காகிதத்தை யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, திருப்பதிக்கு வந்த நாலு தறி ஆளைக் கூப்பிடுங்கள் என்று பெரியவரே சொன்னாராம். அவருக்கு அது நினைவிருந்தது. ஏறினேன். குனிந்து வாங்கினேன். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. மறுநாள் தெலுங்கு பேப்பரில் வந்தது.

என் மனைவி போட்டோக்காரனைத் தேடிப் போய் ஒரு பிரதி வாங்கினாள். தன் கூலியில் சட்டம் போட்டாள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். எட்ட நின்று பார்த்தாள்.

“ஒன் மூஞ்சி நல்லா வுழுந்துகீதுய்யா. கல்யாண போட்டோலகூட இப்பிடி வுழல.”

“குனிஞ்சிக்கினு கீறேன். மூஞ்சி எங்க தெரியுது?”

“எனுக்குத் தெரியுது.”

படத்துக்கு அடியில் பேப்பரில் வந்த வரியையும் வெட்டி ஒட்டினாள். அவளுக்குத் தெலுங்கு படிக்க வராது. பெண் படித்துச் சொன்னாள். ‘நாலு தறி சொந்தக்காரரான சின்ன நெசவாளி’ என்று இருந்தது.

இரண்டு வருஷம் போயிருக்கும். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நூல் தூசு என்றோம். படியேறினால் உட்கார்ந்துவிடுவாள். கால் வீங்கியது. புத்தூரில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். திருப்பதிக்கு எழுதிக் கொடுத்தார்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு கதவு சரியாகத் திறப்பதில்லை, சின்ன வயதில் காய்ச்சல் வந்து கெட்டிருக்கிறது, ஆபரேஷன் செய்து மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். நல்ல மனுஷர். தமிழிலேயே சொன்னார். பணத்துக்குப் பயப்பட வேண்டாம், வெள்ளைக் கார்டு இருந்தால் முழுச் செலவும் அரசாங்கம், கார்டை எடுத்து வாருங்கள் என்றார்.

வெள்ளைக் கார்டு எங்களுக்கு இருந்தது. ஏழைகளுக்குக் கொடுக்கிற கார்டு. அதில்தான் அரிசி வாங்கிக்கொண்டிருந்தோம். எடுத்துப் போனேன். கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்த பெண் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கார்டு ரத்து என்று வருகிறது, உங்கள் மண்டல ஆபீசில் கேளுங்கள் என்றாள்.

மண்டல ஆபீசில் கேட்டேன். கிளார்க் ஒரு லிஸ்டைத் திருப்பினார். அந்த மாதம்தான் கணக்கெடுத்து நிறைய கார்டுகளை எடுத்திருந்தார்கள். என் பேருக்கு எதிரே காரணம் எழுதியிருந்தது. தறி ஓனர். தனி மீட்டர்.

“நான் ஓனர் இல்ல சார்.”

“மீட்டர் நீ பேருதோனே உந்தி கதா?” மீட்டர் உன் பேரில்தானே இருக்கிறது என்று கேட்டார்.

மனு எழுதிக் கொடு, விசாரிக்க ஆள் அனுப்புகிறோம் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

மெட்ராஸுக்கும் போனோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு வரிசை நீளம். உங்கள் ஊரிலேயே சீக்கிரம் ஆகும், கார்டைச் சரி பண்ணுங்கள் என்றார்கள். திருத்தணி வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தோம். அங்கேதான் ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து விசாரணைக்கு வி.ஆர்.ஓ. வீட்டுக்கு வந்தார். கிராமத்துக் கணக்கைப் பார்க்கிற அதிகாரி. தங்கமான ஆள், வெயிலில் நடந்தே வந்தார். என் மனைவி மோர் கொடுத்தாள். வீட்டைப் பார்த்தார். ஓட்டு வீடு, ஒரே அறை. தலையை ஆட்டிக்கொண்டார். சாதகமாக எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பேனாவை எடுத்தார். அப்போது சுவரைப் பார்த்தார்.

எழுந்து கிட்டே போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் இருந்த தெலுங்கு வரியைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“நீயாய்யா இது?”

“ஆமா சார்.”

“பெரியவர் கையால வாங்கியிருக்க. நாலு தறின்னு பேப்பர்லயே போட்டிருக்கு. இத நான் பார்க்கலன்னு எப்பிடிய்யா எழுதுவேன்? நாளைக்கி என் வேல போவும்.” பேனாவை மூடினார். “தறி உன்னுது இல்லன்னு ஓனர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கினு வா. அத வெச்சி எழுதித் தரேன்.”

மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். படத்தைக் கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அந்த வேலைக்கே அவளுக்கு மூச்சு இறைத்தது. ஆணி அப்படியே இருந்தது.

ஓனரிடம் போனேன். வாசலில் நின்று சொன்னேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“நான் எழுதிக் குடுத்தா இன்னா ஆவும் தெரியுமா? இவன் பேர்ல கீற தறி ஒங்குளுதுதானான்னு கேப்பான். அப்ப பதினாறும் ஒங்குளுதான்னு கேப்பான். எனுக்கு மட்டும் இல்லப்பா. ஊரு பூரா வாசல எண்ண வந்துடுவான்.”

“ஒரு லெட்டர்தாண்ணா.”

“தெரியும்பா.” அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். “இந்த மாசம் அசெம்பிளி நடக்குது. சலுகைய நீட்டறதா நிறுத்தறதான்னு அங்க பேச்சி ஓடிக்கினு கீது. இந்த நேரத்துல கெளறினா எல்லாம் பூடும். பெரியவர்கிட்ட சொல்லி லெட்டர் வாங்கித் தரேன். அவரு லெட்டர் இருந்தா கார்டு தானா வரும். ஒரு பதினஞ்சி நாள் பொறு.”

பொறுத்தேன். பதினைந்து நாள் போனது. பெரியவர் டெல்லியில் என்றார். பிறகு ஐதராபாத்தில் என்றார்.

ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் ஒரு மனு எழுதி வாங்கினேன். ‘என் பேரில் உள்ள மீட்டர் பொய். தறி எனக்குச் சொந்தமில்லை.’ இரண்டே வரி. கரண்ட் ஆபீசில் கொடுத்தால் போதும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போனேன். படி வரை போனேன். இரண்டாவது வாட்டியும் போனேன்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அந்தத் தறிச் சோறுதான். என் வாசலை மூடினால் எத்தனை வாசல் மூடும் என்று எனக்குக் கணக்கு வரவில்லை. திரும்பிவிட்டேன். வியர்வையில் மனு நைந்தது. மடிப்பில் கிழிந்தது.

துணி துவைக்கும்போது அவள் பார்த்துவிட்டாள்.

“இத்தக் குடுக்கலியா?”

“இல்ல.”

“குடுக்காத. நம்மளால எல்லார் வூட்டு அடுப்பும் அவிய வோணாம். லெட்டர் வரும். வரட்டும்.”

அவளே சொன்னாள் என்றுதான் ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. அவள் சொல்லாமல் இருந்தாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன். அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் தானே சொல்லிவிட்டாள்.

வேலைக்கு வராதே என்றேன். கேட்கவில்லை. உட்கார்ந்து சுற்றுகிற வேலைதானே என்றாள். வீட்டில் தனியாக இருந்தால் பயமாக இருக்கிறது, இங்கே நீ கண்ணில் படுகிறாய் என்றாள்.

ஒரு நாள் முற்பகல் கரண்ட் போனது. தறி எல்லாம் ஒன்றாக நின்றது. கரண்ட் போனால் எல்லோரும் வெளியே வந்து காற்று வாங்குவார்கள். ஆண்கள் பீடிக்குப் போவார்கள். பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள். நானும் வெளியே வந்தேன். அவள் வரவில்லை.

“மொதலாளியம்மா எங்க?” என்று ஒருத்தி கேட்டாள். “கணக்குப் பாத்துக்கினு கீறாங்களா?”

சிரித்தார்கள்.

நான் உள்ளே போனேன். முழங்கால் சுவரைத் தாண்டினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தார்கள். கையில் பாதி சுற்றிய ஒன்று. நூல் இன்னும் மெஷினிலிருந்து அவள் கை வரை நீண்டிருந்தது. அறுபடவில்லை.

இரண்டு விரலைக் காட்டினேன். டீ குடிக்கலாமா என்று. அமைதியாக இருந்த ஷெட்டில் எதற்குக் கையைக் காட்டினேன் என்று தெரியவில்லை. வாயால் கூப்பிட்டிருக்கலாம்.

அப்புறம் கரண்ட் வந்தது. சுவிட்சை அணைக்காமல் விட்டுப் போன தறிகள் தானாக ஓட ஆரம்பித்தன. யாரோ ஓடிப் போய் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். என் நாலையும் சேர்த்து.

செலவெல்லாம் ஓனர் பார்த்துக்கொண்டார். சங்கத்திலிருந்து மாலை வந்தது. ஷெட்டை இரண்டு நாள் மூடினார். தலைமாட்டில் உட்கார்ந்து அவர் அழுததை ஊரே பார்த்தது. நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சலுகையை நீட்டியதாகச் செய்தி வந்தது. சங்க ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் கொண்டுவரவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் கார்டு வந்தது. பெரியவர் லெட்டர் கொடுத்துவிட்டாராம். ஓனரே வீட்டுக்கு வந்து என் கையில் வைத்தார். மீட்டரை யாரும் எடுக்கவில்லை. கடைசி வாசல் அப்படியே என் பேரில் இருந்தது. ஒரு லெட்டர் இருந்தால் மீட்டரும் இருக்கலாம், கார்டும் இருக்கலாம். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கார்டைத் திறந்தேன். நாலு பேர். என் பேர், அவள் பேர், பெண் பேர், பையன் பேர். அடியில் மொத்தம் நான்கு என்று அச்சடித்திருந்தது.

ரேஷன் கடைக்குப் போனேன். டீலர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலு பேருக்கும் அளந்தார்.

“அவ இல்லியேண்ணா.”

“இருக்கட்டும் வுடுப்பா. ஒரு ஆளு அரிசி. யார் கேக்கப் போறா? அவங்க புண்ணியம், புள்ளைங்க துன்னட்டும்.”

அளந்த அரிசியில் ஒரு பங்கை அங்கேயே கொட்டச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள்.

மறுநாள் ஷிப்டுக்குப் போகவில்லை. மண்டல ஆபீசுக்குப் போனேன். அதே கிளார்க். கார்டை நீட்டினேன். பேரை எடுக்க வேண்டும் என்றேன்.

“எந்துக்கய்யா? எவரு அடுகுதாரு?” எதற்கு, யார் கேட்கப் போகிறார்கள் என்றார் அவரும். எல்லோரும் சேர்க்கத்தான் வருவார்கள், எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

“ஆமெ லேது, சார்.” அவள் இல்லை.

அவர் சிரிப்பு நின்றது. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். சிவப்பு மை பேனாவை எடுத்தார். அவள் பேரின் மேல் ஒரு கோடு இழுத்தார். அடியில் இருந்த நான்கை அடித்தார். பக்கத்தில் கையால் எழுதி, சீல் வைத்து, என் பக்கம் தள்ளினார்.

மொத்தம்: 3.